குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிட்ட தரவில் வரும் எதிர்மறை ஒட்டுறவை நம்பலாமா?

கேள்வி: ஆய்வு மாணவி (செவிலியர் கல்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டமேற்படிப்பு ஆய்வேட்டுக்காக நான் திரட்டிய தரவைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உள்ளது. புள்ளியியல் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவியர் 72 பேர், ஆறு பேர் கொண்ட 12 குழுக்களாகப் பிரிந்து, ஒரு பருவம் முழுவதும் வார்டுகளில் ஒன்றாகப் பயிற்சி பெற்றார்கள். பருவ இறுதியில் ஒவ்வொருவரும் தம் குழுவிலுள்ள மற்ற ஐவரையும் பொறுப்புணர்வு, கனிவு, கூச்சமின்றிப் பழகும் இயல்பு ஆகிய மூன்றிலும் 1 முதல் 7 வரை மதிப்பிட்டார்கள். தம்மைத் தாமே மதிப்பிடும் பகுதி தனித் தாளில் இருந்தது. ஆகவே ஒரு பண்புக்கு 360 மதிப்பீடுகள் என்னிடம் உள்ளன.

ஒவ்வொருவரும் பிறருக்குத் தந்த மதிப்பெண்களின் சராசரியையும் பிறரிடமிருந்து பெற்றவற்றின் சராசரியையும் கணக்கிட்டு, இரண்டுக்கும் ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா குறைகிறதா என்று −1 முதல் +1 வரை காட்டும் அளவு) பார்த்தேன். பொறுப்புணர்வில் அது தெளிவான எதிர்மறையாக வந்தது. அதை வைத்து, “பொறுப்பானவர் என்று குழுவினரால் கருதப்படும் மாணவியர் மற்றவர்களைக் கறாராக மதிப்பிடுகிறார்கள்” என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதியும் விட்டேன். எங்கள் துறைக் கூட்டத்தில் அதைக் கேட்ட ஒரு பேராசிரியர், 360 மதிப்பீடுகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்றும், இந்த முடிவை ஏற்க இயலாது என்றும் கூறினார். விளக்கிச் சொல்ல அன்று அவருக்கு நேரமில்லை.

மதிப்பிட்டவருக்கு ஒரு நிரை, மதிப்பிடப்பட்டவருக்கு ஒரு நிரல் என்று போட்ட அட்டவணையின் மூலைவிட்டத்தில் காலியாக உள்ள கட்டங்களைச் சுயமதிப்பீட்டைக் கொண்டு நிரப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று தோழி ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? இத்தகைய தரவுக்கென்றே தனி முறை ஏதேனும் உண்டா?

பதில் 1: புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம் அம்மா. மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

ஆறு பேர் கொண்ட ஒரு குழு. ஆறு பேருக்கும் ஒரே பார்வை என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எல்லோரும் 2 தருகிறார்கள், இரண்டாமவருக்கு எல்லோரும் 3 தருகிறார்கள், இப்படியே ஏறி ஆறாமவருக்கு எல்லோரும் 7 தருகிறார்கள். இந்தக் குழுவில் கறாரானவர் என்றோ தாராளமானவர் என்றோ எவரும் இல்லை. இப்போது ஆறாமவர் பிறருக்குத் தந்தவற்றைக் கூட்டுங்கள். அவர் தந்தவை 2, 3, 4, 5, 6, சராசரி 4. முதலாமவர் தந்தவை 3, 4, 5, 6, 7, சராசரி 5. இடையிலுள்ள நால்வரின் சராசரிகள் 4.8, 4.6, 4.4, 4.2 என்று இறங்கி வரும். தந்த சராசரிக்கும் பெற்ற சராசரிக்கும் ஒட்டுறவு மிகச் சரியாக −1.

யாரும் கறாராக இல்லாத குழுவிலேயே உங்கள் முடிவு முழு வலுவோடு வந்து நிற்பதைக் கவனியுங்கள். எல்லோராலும் உயர்வாகக் கருதப்படும் ஒருவர், தம்மைத் தாமே மதிப்பிடாத காரணத்தால், குழுவின் மிக உயர்ந்த மதிப்பெண்ணை வழங்கும் வாய்ப்பை இழக்கிறார். அந்த இழப்பு அவருடைய சராசரியைக் கீழே இழுக்கிறது. அதை நாம் அவருடைய குணம் என்று படித்துவிடுகிறோம். உங்கள் தரவில் வந்த எதிர்மறை முழுவதும் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கழித்துப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை ஆய்வேட்டில் வைக்கக் கூடாது.

இத்தகைய தரவுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. ரெபெக்கா வார்னர், டேவிட் கென்னி, மைக்கேல் ஸ்டோட்டோ ஆகியோர் 1979-இல் வட்டச் சுற்று (குழுவில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் மதிப்பிடும் அமைப்பு) மாறுபாட்டுப் பகுப்பாய்வாக அதை முன்வைத்தார்கள். 1984-இல் கென்னியும் லாரன்ஸ் லா வோயும் சமூக உறவு மாதிரி என்ற பெயரில் விரிவாக எழுதினார்கள். ஒரு மதிப்பெண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அல்லர் என்பதே அதன் அடிப்படை. ரேவதி கவிதாவின் பொறுப்புணர்வுக்கு 6 தந்தால், அந்த ஆறுக்குள் குழுவின் பொதுச் சராசரி இருக்கிறது. ரேவதி யாரைக் கேட்டாலும் சற்றுக் கூட்டியே போடுபவர் என்றால் அந்தத் தாராளம் இருக்கிறது, இது மதிப்பிடுபவர் விளைவு. கவிதாவை எல்லோருமே உயர்வாகப் பார்க்கிறார்கள் என்றால் அந்த மதிப்பு இருக்கிறது, இது மதிப்பிடப்படுபவர் விளைவு. இவ்விரண்டையும் கழித்த பிறகும், இரவுப் பணியில் ஒன்றாக நின்ற பழக்கத்தால் ரேவதி கவிதாவிடம் மட்டும் காணும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது, இது உறவு விளைவு. இந்தக் கடைசிப் பகுதியோடு அளவீட்டுப் பிழையும் கலந்தே வரும்.

சராசரிகளைத் திருத்தும் வாய்பாடு எளியது. ஆறு பேர் குழுவில் ஒருவரின் மதிப்பிடுபவர் விளைவைப் பெற, அவர் தந்த சராசரியை 25/24 ஆல் பெருக்கி, அவர் பெற்ற சராசரியை 5/24 ஆல் பெருக்கிக் கூட்டி, குழுவின் பொதுச் சராசரியை 5/4 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன ஆறாமவருக்குப் போட்டுப் பாருங்கள். தந்தது 4, பெற்றது 7, பொதுச் சராசரி 4.5, முதலிரண்டின் கூட்டல் 5.625, கழிக்க வேண்டியதும் 5.625, விடை 0. அவர் கறாரும் இல்லை, தாராளமும் இல்லை. முதலாமவருக்கும் அதே 0 வரும். தந்ததையும் பெற்றதையும் இடம் மாற்றிப் போட்டால் மதிப்பிடப்படுபவர் விளைவு கிடைக்கும். ஆறாமவருக்கு அது 2.5, அதாவது 7-க்கும் 4.5-க்கும் உள்ள அதே வேறுபாடு.

தோழி சொன்னபடி மூலைவிட்டத்தைச் சுயமதிப்பீட்டால் நிரப்ப வேண்டாம். ஒருவர் தமக்குத் தாமே தந்த மதிப்பெண் அவருடைய நிரைச் சராசரிக்குள்ளும் நிரல் சராசரிக்குள்ளும் ஒரே நேரத்தில் நுழையும். தம்மை உயர்த்திப் போடுபவருக்கு இரண்டும் சேர்ந்து உயரும். எதிர்மறைப் பிழைக்குப் பதில் நேர்மறைப் பிழை வந்து சேரும். சுயமதிப்பீட்டைத் தனித் தாளில் வாங்கியது மிக நல்ல காரியம். அது அப்படியே தனியாக இருக்கட்டும்.

இனி, நீங்கள் தேடிய கேள்விக்கு வருகிறேன். பிறரைத் தாராளமாகப் பார்ப்பவர் பிறராலும் உயர்வாகப் பார்க்கப்படுகிறாரா என்பது பொதுப் பரிமாற்றம். ரேவதி கவிதாவைத் தனிப்பட உயர்வாகக் கண்டால் கவிதாவும் ரேவதியை அப்படிக் காண்கிறாரா என்பது இணைப் பரிமாற்றம். முதலாவது இருவகை விளைவுகளுக்கு இடையேயான ஒட்டுறவு. இரண்டாவது ஓர் இணையின் இரு உறவு விளைவுகளுக்கு இடையேயானது. ஒரே தரவில் ஒன்று சுழியாகவும் மற்றொன்று வலுவாகவும் இருக்கலாம். உங்கள் அத்தியாயத்தின் வாக்கியம் முதலாவதைப் பற்றியது. திருத்திய விளைவுகளைக் கொண்டு அதை மீண்டும் கணக்கிடுங்கள்.

பதில் 2: தரவுப் பகுப்பாய்வாளர்

ஐயா சொன்னவற்றோடு, செயல்படுத்தும் வழியைப் பற்றிச் சில சொற்கள்.

இதை ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் செய்வது எளிது. ஷோன்ப்ராட், பாக், ஷ்முக்லே ஆகியோர் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட டிரிபிள்ஆர் என்ற தொகுப்பு வட்டச் சுற்றுத் தரவுக்கென்றே அமைந்தது. உங்கள் அட்டவணைகளை நீள் வடிவத்துக்கு மாற்றுங்கள்: ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு வரி, அந்த வரியில் மதிப்பிட்டவர் எண், மதிப்பிடப்பட்டவர் எண், குழு எண், மதிப்பெண். 72 பேருக்கும் தனித்தனி எண் கொடுங்கள். எல்லாக் குழுவிலும் 1 முதல் 6 வரை என்று எண் போட்டுவிட்டு, எந்த மூன்றாம் எண் எந்தக் குழு என்று பிறகு பிரிக்க முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டச் சுற்றுக்குக் குழுவில் குறைந்தது நான்கு பேர் வேண்டும். உங்கள் ஆறு போதுமானது.

பேராசிரியர் சொன்ன சாராமைச் சிக்கல், ஒரு முடிவு தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் மிகைகாண் சோதனையில்தான் முழுமையாக வெளிப்படும். 360 மதிப்பீடுகள் இருந்தாலும், உண்மையில் ஒன்றையொன்று சாராமல் நிற்பவை 12 குழுக்களே. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக மாறுபாட்டுக் கூறுகளை (ஐயா சொன்ன மூன்று விளைவுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவுகளை) கணக்கிட்டு, அந்த 12 எண்களின் சராசரி சுழியிலிருந்து விலகுகிறதா என்று டி-சோதனையால் பார்ப்பதே வழக்கமான முறை. 360-ஐ எண்ணிக்கையாக வைத்துச் செய்த சோதனையில் வந்த நட்சத்திரக் குறிகள் எல்லாம் மிகையானவை. பன்னிரண்டு குறைவுதான், ஆகவே சிறிய விளைவுகளைப் பற்றி உறுதியாக ஏதும் சொல்ல இயலாது என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

குழுக்களுக்கிடையே பொதுச் சராசரி வேறுபடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எல்லோருமே ஒருவரையொருவர் உயர்த்திப் போடும் குழுவில் தந்ததும் பெற்றதும் சேர்ந்து உயரும். 72 பேரையும் ஒரே குவியலாக வைத்து ஒட்டுறவு பார்த்தால் இது நேர்மறைப் பக்கம் தள்ளும்; காலி மூலைவிட்டம் எதிர்மறைப் பக்கம் தள்ளும். உங்கள் எண் இந்த இரண்டின் கலவை.

சில சமயம் ஒரு கூறின் மாறுபாடு எதிர்மறை எண்ணாக வரும். மாறுபாடு எப்படி எதிர்மறையாகும் என்று பயப்பட வேண்டாம். கழித்துப் பெறும் மதிப்பீட்டில் அது நிகழக்கூடியதே. உண்மையில் அந்தக் கூறு சுழிக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். ஆனால் மாறுபாடு சுழியாக உள்ள கூறைக் கொண்டு ஒட்டுறவு எதையும் கணக்கிட்டு விளக்கம் எழுதாதீர்கள்.

உறவு விளைவையும் பிழையையும் பிரிக்க வேண்டுமானால் ஒரு பண்புக்கு இரண்டு வினாக்களாவது இருக்க வேண்டும். பொறுப்புணர்வுக்கு உங்களிடம் ஒரே வினாதானா, இரண்டு உண்டா?

பலநிலை மாதிரி (மதிப்பீடு, ஆள், குழு என்று அடுக்கடுக்காகப் பகுக்கும் முறை) வழியாகவும் இதைச் செய்யலாம்; ஸ்னைடர்ஸும் கென்னியும் 1999-இல் அதற்கு வழி காட்டினார்கள். ஆனால் வழக்கமான பலநிலைத் தொகுப்புகளில் இணைக்கென்று ஒரு தற்செயல் விளைவை (அந்த இருவரின் மதிப்பீடுகளுக்கும் பொதுவான ஒரு கூறை) சேர்க்கும்போது, இணைப் பரிமாற்றம் எதிர்மறையாக இருக்கவே முடியாது என்ற கட்டுப்பாட்டையும் நாம் அறியாமலே சேர்த்துவிடுகிறோம். முதல் முறை செய்பவர் வட்டச் சுற்றுத் தொகுப்பில் தொடங்குவதே நல்லது.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் உங்களுக்கும் மிக்க நன்றி. ஆறு பேர் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஆறாமவருக்குச் சுழி வந்ததும் என் அத்தியாயத்தின் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன்.

ஒரு பண்புக்கு இரண்டு வினாக்கள் உள்ளன. பொறுப்புணர்வுக்கு “சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பார்”, “கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டியதை விடாமல் குறிப்பார்” என்ற இரண்டின் சராசரியைத்தான் இதுவரை பயன்படுத்தினேன்.

இன்னும் மூன்று ஐயங்கள். கனிவுக்கு ஏழெட்டுப் பேர் எல்லோருக்கும் 7 போட்டுவிட்டார்கள், அவர்களை நீக்கிவிடலாமா? அடுத்த முறை மதிப்பெண்ணுக்குப் பதில் தரவரிசை கேட்டால் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா? சுயமதிப்பீட்டை எதனோடு ஒப்பிடுவது?

பதில் 3: களஆய்வாளர் (சமூகப் பணி)

எல்லோருக்கும் 7 போட்டவர்களை நீக்காதீர்கள். அவர்கள் தந்ததும் தரவுதான். எல்லோரையும் ஒரே கண்ணால் உயர்வாகப் பார்ப்பது மதிப்பிடுபவர் விளைவின் தெளிவான வடிவம். அவர்களை எடுத்துவிட்டால் நீங்கள் அளக்க வந்த ஒன்றையே அகற்றியவராவீர்கள். அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

மகளிர் குழுக்களில் இத்தகைய தாள்களை நான் பலமுறை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை எல்லோரையும் ஒரே பாயில் வட்டமாக உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். பக்கத்தில் இருப்பவரின் பேனா எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. முன்னால் போட்டிருந்த 4-ஐ அடித்துவிட்டு 7 ஆக்கிய அக்கா ஒருவரை இன்றும் நினைவிருக்கிறது. மறுவாரம் அதே குழுவில் ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து, மடித்து ஒட்டும் உறையில் வாங்கியபோது எண்கள் நன்றாக விரிந்தன. உங்கள் மாணவியர் வார்டு அறையிலோ விடுதியிலோ ஒன்றாக அமர்ந்து எழுதியிருந்தால், கனிவு போன்ற பண்பில் எண்கள் உச்சியில் குவியும். ஒரு தோழியைக் கனிவற்றவர் என்று எழுதுவது யாருக்கும் எளிதல்ல. தாள் எப்படி வாங்கப்பட்டது என்பதை ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எண்கள் உச்சியில் முட்டி நிற்கும்போது உறவு விளைவு உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தரவரிசை பற்றி ஒரு எச்சரிக்கை. 1950-களில் தியோடர் நியூகோம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் முன்பின் அறியாத 17 மாணவர்களை ஒரே வீட்டில் தங்க வைத்து, மற்ற 16 பேரையும் விருப்ப வரிசையில் வாரந்தோறும் எழுதச் சொன்னார். குழு ஆய்வில் இன்றுவரை எடுத்தாளப்படும் தரவு அது. ஆனால் 1 முதல் 16 வரை வரிசைப்படுத்தும் எவருக்கும் தந்த சராசரி 8.5 தான். எல்லோரையும் விரும்புபவருக்கும் அதுவே. யாரையுமே பிடிக்காதவருக்கும் அதுவே. மதிப்பிடுபவர் விளைவு வடிவமைப்பிலேயே அழிந்துவிடுகிறது. யார் யாரிடம் நெருங்குகிறார்கள் என்பதே கேள்வியாக இருந்தால் தரவரிசை போதும். தாராளமும் கறாரும் உங்கள் கேள்வியில் இருக்கும்போது அது ஆகாது.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். ஆறு பேர் குழுவின் அட்டவணையைப் பின்னிணைப்பில் அச்சிட்டால், பெயரை நீக்கியிருந்தாலும், தாம் யாருக்கு என்ன போட்டோம் என்று அறிந்த மாணவி ஒருவர் தம் வரிசையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மற்றவர்கள் தம்மைப் பற்றி எழுதியதையும் படித்துவிட முடியும். அந்த ஆறு பேரும் நாளை அதே வார்டுக்குத்தான் போக வேண்டும். குழு வாரியான அட்டவணைகளை வெளியிடாதீர்கள்; கூறுகளின் மொத்த விகிதங்கள் போதும்.

பதில் 4: புள்ளியியல் ஆசிரியர் (ஓய்வு)

களஆய்வாளர் கூறிய கடைசிச் செய்தியை உங்கள் நெறியாளரிடமும் காட்டுங்கள்.

இரண்டு வினாக்கள் இருப்பது நல்லதாயிற்று. அவற்றைச் சராசரியாக்காமல் தனித்தனியாகவே தொகுப்புக்குக் கொடுங்கள். இரண்டிலும் நிலையாக வருவது உறவு விளைவு, மற்றது பிழை என்று அது பிரித்துத் தரும்.

சுயமதிப்பீட்டை இரண்டோடு ஒப்பிடலாம். மதிப்பிடப்படுபவர் விளைவோடு ஒட்டுறவு பார்த்தால், ஒருவர் தம்மைக் காண்பதும் குழு அவரைக் காண்பதும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். மதிப்பிடுபவர் விளைவோடு பார்த்தால், தம்மைப் போலவே பிறரும் என்று எண்ணும் போக்கு தெரியும். இரண்டிலும் குழு வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மூன்று பண்புகளையும் ஒன்றாகக் கருத வேண்டாம். கூச்சமின்றிப் பழகும் இயல்பு வெளியே தெரிவது. வார்டில் நுழைந்த முதல் நாளே யார் வாய் திறந்து பேசுகிறார் என்று ஐவரும் பார்த்துவிடுகிறார்கள். ஆல்பிரைட், கென்னி, மல்லோய் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரோடொருவர் பேசிப் பழகாத வகுப்பு மாணவர்களிடையே கூட இப்பண்பில் மதிப்பீடுகள் கணிசமாக ஒத்துப்போயின. கனிவு அப்படியன்று, ஒருவரிடம் கனிவாக இருப்பவர் மற்றவரிடம் அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் தரவிலும் முதல் பண்பில் மதிப்பிடப்படுபவர் விளைவின் பங்கு கூடுதலாகவும், கனிவில் மதிப்பிடுபவர் விளைவும் உறவு விளைவும் கூடுதலாகவும் வரக்கூடும் என்பது என் எதிர்பார்ப்பு. வராவிட்டால், களஆய்வாளர் சொன்ன உச்சிக் குவியலை முதலில் சந்தேகியுங்கள்.

ஒத்துப்போவதை உண்மை என்று எழுதிவிடாதீர்கள். ஐவரும் ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று ஒரே குரலில் சொல்வதால் அவர் பொறுப்பற்றவர் ஆகிவிட மாட்டார். ஐவரும் ஒரே வதந்தியைக் கேட்டிருக்கலாம். பொறுப்புணர்வுக்கு உங்களிடம் வெளிச்சான்று ஒன்று இருக்கிறது: நீங்களே சொன்ன கேஸ் ஷீட். அதில் விடுபட்ட குறிப்புகளை வார்டுப் பொறுப்பாளர் எண்ணித் தர முடியுமானால், அந்த எண்ணிக்கைக்கும் மதிப்பிடப்படுபவர் விளைவுக்கும் உள்ள ஒட்டுறவே குழுவின் பார்வை எவ்வளவு சரி என்பதைக் காட்டும்.

அடுத்த பருவத்தில் மீண்டும் தரவு திரட்டுவதாக இருந்தால், “இவர் உங்களுக்கு எத்தனை தருவார் என்று நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியையும் சேர்க்க முயலுங்கள். கென்னியும் பெல்லா டிபாலோவும் 1993-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவாகத் தம்மைப் பிறர் எப்படிக் காண்கிறார்கள் என்பது மக்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது, ஆனால் குறிப்பாக யார் உயர்வாகவும் யார் தாழ்வாகவும் காண்கிறார் என்பதைப் பிரித்தறிவதில் அவர்கள் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். ஒரே படுக்கையைச் சுற்றி நின்று வேலை செய்யும் ஆறு பேரிடம் இது எப்படி இருக்கிறது என்று அறிய எனக்கும் ஆவல். அந்தக் கேள்வியை, மதிப்பீட்டுத் தாளைத் திருப்பி வாங்கி உறையில் ஒட்டிய பிறகே கொடுங்கள். இரண்டும் ஒரே தாளில் இருந்தால், தாம் போட்ட எண்ணையே பார்த்து எழுதிவிடுவார்கள்.